புண் ஆற வேண்டுமானால்

(தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

இசையும் கூத்தும் நிறைந்த இவ்விழா மேடையில் புண்ணைப் பற்றியும் சீழைப் பற்றியும் பேச ஒருத்தி வந்து நிற்கிறாளே என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அறுவைக் கூடத்தில் பல்லாண்டுகள் செவிலியாகப் பணி புரிந்தவளுக்கு வேறு என்ன பேசத் தெரியும்? ஆயினும் செயலாளர் அவர்கள் இத்தலைப்பை எனக்குத் தந்ததற்குத் தக்க காரணம் உண்டு. நாம் ஊரை விட்டு ஆயிரம் கல் தொலைவில் வாழ்கின்றோம். நம் காலனியில் ஒருவர் குடல்வால் அறுவைக்கோ, மகப்பேற்று அறுவைக்கோ, மூட்டு மாற்றத்திற்கோ மருத்துவமனையில் படுத்தால், ஊரிலிருந்து உறவினர் இரயிலேறி வந்து சேர இரண்டு நாள் ஆகிறது. அதுவரை அண்டை வீட்டாரே அண்ணனும் தம்பியும். எதிர் வீட்டாரே அக்காளும் தங்கையும். நோயாளியின் அருகே இருக்கப் போகிறவர்கள் நாம்தாம். ஆகவே, அறுத்த புண் எவ்வாறு ஆறுகிறது, எதனால் சீழ்ப்பிடிக்கிறது என்பதை நாம் அறிந்திருத்தல் கடமையாகிறது.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை நீங்கள் அறிவீர்கள். மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரித்த வள்ளுவர், நோயுற்றவனையும் மருத்துவனையும் மருந்தையும் சொல்லி, உடனிருந்து பணி செய்வோனையும் நான்காவதாகச் சேர்த்தார். அந்த நான்காம் இடத்தில் இருப்போர்க்குரியது என் பேச்சு.

தோல் என்பது நம் உடலாகிய கோட்டையின் மதில். அதன்மேல் எண்ணிறந்த நுண்ணுயிர்கள் எந்நேரமும் குடியிருக்கின்றன. மதில் சிதையாமல் உள்ளவரை அவற்றால் பெருந்தீங்கு இல்லை. ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி, பத்துப் பேரில் ஏறத்தாழ மூவரின் மூக்கினுள்ளே நோய் ஏதும் தராமல் தங்கியிருக்கிறது. மருத்துவர் கத்தியை வைக்கும்போது அந்த மதிலில் நாமே ஒரு வாயிலைத் திறக்கின்றோம். நோயாளியின் தோலிலிருந்தும், பிறருடைய கைகளிலிருந்தும், கருவிகளிலிருந்தும், காற்றிலிருந்தும் கிருமிகள் அவ்வழியே உட்புகுகின்றன. புகுந்தவை பெருகினால் புண் சிவக்கும், சீழ் கட்டும், தையல் பிரியும், சிலருக்குக் குருதியிலேயே நஞ்சேறி உயிருக்கும் இறுதி நேரும். அறுவை முடிந்து 30 நாள் வரையிலும், செயற்கை மூட்டு முதலியன பொருத்தியிருந்தால் 90 நாள் வரையிலும் இத்தொற்று தோன்றலாம் என்று மருத்துவர் கணக்கு வைத்திருக்கின்றனர். வளரும் நாடுகளில் அறுவைச் சிகிச்சை பெறுவோருள் 100க்கு 11 பேர் இத்தொற்றுக்கு ஆளாகின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. இவற்றுள் பல தடுக்கக் கூடியவை என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

இதனைத் தடுக்கும் வழி தோன்றிய வரலாறு வியன்னா நகரத்தில் தொடங்குகிறது. அங்கிருந்த பெரிய பொது மருத்துவமனையில் மகப்பேற்றுப் பிரிவுகள் இரண்டு இருந்தன. முதற் பிரிவில் மருத்துவரும் மாணவரும் பேறு பார்த்தனர்; இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பார்த்தனர். 1846இல் முதற் பிரிவில் 100 தாய்மாரில் 11 பேருக்கு மேல் பேறுகாலக் காய்ச்சலால் இறந்தனர். இரண்டாம் பிரிவில் இறந்தோர் 3 பேருக்கும் குறைவு. முதற் பிரிவில் தம்மைச் சேர்க்க வேண்டா என்று கருவுற்ற பெண்கள் மண்டியிட்டு மன்றாடினராம். கற்றோர் கை பட்ட இடத்தில் சாவு மிகுந்தது ஏன் என்று எவர்க்கும் விளங்கவில்லை.

இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் அங்கேரி நாட்டு மருத்துவர் அங்கே உதவியாளராக இருந்தார். 1847இல் அவர் நண்பராகிய பேராசிரியர் ஒருவர், பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டு, அப்புண்ணால் நோயுற்று இறந்தார். அவருடலில் கண்ட மாறுதல்கள், காய்ச்சலால் இறந்த தாய்மாரின் உடலில் கண்டவற்றை ஒத்திருந்தன. செம்மல்வைசுக்கு உண்மை புலப்பட்டது. மருத்துவரும் மாணவரும் பிணவறையிலிருந்து நேரே பேற்றறைக்கு வந்தனர். அவர்தம் கைகளே சாவைச் சுமந்து வந்தன. மருத்துவச்சிகளுக்குப் பிணவறையில் வேலை இல்லை. அவ்வாண்டு மே மாதத்தில், சுண்ணாம்புக் குளோரைடு கலந்த நீரில் கை கழுவிய பின்னரே தாய்மாரைத் தொட வேண்டும் என்று அவர் விதித்தார். 1848இல் முதற் பிரிவில் இறந்தோர் தொகை 100க்கு 1 பேர் என்னும் அளவுக்கு அருகே இறங்கிற்று.

இத்துணைத் தெளிவான உண்மையை அக்கால மருத்துவருள் பலர் ஏற்கவில்லை. கிருமிகளைப் பற்றிய அறிவு அன்று வளரவில்லை என்பது ஒரு காரணம். மற்றொன்று மான உணர்ச்சி. ‘உங்கள் கையால்தான் அவர்கள் மாண்டனர்’ என்றால் கேட்கும் மனம் எத்தனை பேருக்கு உண்டு? செம்மல்வைஸ் மனம் நொந்து, 1865ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள், மனநோயாளர் விடுதி ஒன்றில் தம் 47ஆம் வயதில் இறந்தார்.

அதற்கு முந்திய நாளே, ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவமனையில் ஜோசப் லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர் ஒரு புது முயற்சியைத் தொடங்கியிருந்தார். வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்து தோலும் கிழிந்த நிலையில் ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்னும் 11 வயதுச் சிறுவன் வந்தான். அத்தகைய முறிவு அழுகுவதும், காலை வெட்டுவதும் அந்நாளில் வழக்கம். பொருள்கள் அழுகுவது நுண்ணுயிர்களால் என்று லூயி பாஸ்டர் காட்டியதைப் படித்திருந்த லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தில் தோய்த்த துணியால் அப்புண்ணை மூடினார். ஆறு வாரத்தில் எலும்பு கூடியது; சிறுவன் நடந்தே வீடு சென்றான். கால் கை வெட்டும் அறுவையில் இம்முறைக்கு முன் லிஸ்டரிடம் 35 பேரில் 16 பேர் இறந்தனர். பின்னர் 40 பேரில் 6 பேரே இறந்தனர்.

புண்ணில் புகுந்த கிருமியை அமிலத்தால் கொல்வது லிஸ்டரின் வழி. கிருமி புகாமலே காப்பது அதனினும் சிறந்தது என்று அடுத்த தலைமுறையினர் கண்டனர். இங்கே தாய்மார்களுக்கு நன்கு அறிமுகமான பொருள் ஒன்று துணைக்கு வருகிறது. அதுதான் பிரஷர் குக்கர். திறந்த பானையில் நீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும். அவ்வெப்பத்தைத் தாங்கிப் பிழைக்கும் கிருமி வித்துகள் உண்டு. மூடி அழுத்தினால் நீராவியின் வெப்பம் 121 டிகிரி வரை ஏறும். அதில் 15 நிமிடம் இருந்தால் அவ்வித்துகளும் மடியும். பாஸ்டரின் துணைவர் சார்லஸ் சாம்பர்லாண்டு 1879இல் இத்தகைய ஆவிப் பெட்டியை அமைத்தார். இன்று ஆட்டோகிளேவ் என்று மருத்துவமனைகளில் வழங்குவது அதன் வழித்தோன்றலே. சோறு வெந்ததா என்று நீங்கள் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்க்கின்றீர்கள். நாங்கள் கருவி மூட்டையில் ஒட்டிய நாடாவின் நிறம் மாறியிருக்கிறதா என்றும், உள்ளே வைத்த சோதனைப் பட்டை என்ன காட்டுகிறது என்றும் பார்க்கின்றோம்.

அறுவையின்போது அணியும் இரப்பர்க் கையுறையும் ஒரு செவிலியின் பொருட்டு வந்ததுதான். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் அறுவை மருத்துவரின் உதவிச் செவிலிக்குக் கிருமிக்கொல்லி நீர் பட்டுப் பட்டுக் கை புண்ணாயிற்று. அவர் கைகளைக் காக்க, 1889-90 அளவில் மெல்லிய உறைகளைச் செய்வித்தார் ஹால்ஸ்டெட். செவிலியின் கையைக் காக்க வந்த உறை நோயாளியையும் காக்கிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அச்செவிலியையே அம்மருத்துவர் 1890இல் மணந்துகொண்டார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் இளைஞர்கள் மகிழ்வார்கள்!

இனி, நம் பங்குக்கு வருவோம். அறுவைக்கு முன் நாம் செய்ய வேண்டுவன எளியவை.

முதலாவது நீராடல். அறுவைக்கு முந்திய இரவோ அன்று காலையோ சோப்பிட்டு உடல் முழுதும் குளிக்க வேண்டும். சாதாரண சோப்பே போதும்.

இரண்டாவது, வீட்டில் சவரக்கத்தி எடுத்து அறுக்க வேண்டிய இடத்தை மழிக்கக் கூடாது. தூய்மைக்காக மழிக்கின்றோம் என்று பலர் எண்ணுகின்றனர். கத்தி பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுகின்றன. கிருமிகள் அங்கே குடியேறுகின்றன. 1971இல் வெளியான ஓர் ஆய்வில், மழித்துக்கொண்டோரில் 100க்கு 5.6 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. மழிக்காதவரிடத்தும் களிம்பால் உரோமம் நீக்கியவரிடத்தும் அது 0.6 ஆக இருந்தது. உரோமத்தை நீக்கியே ஆகவேண்டுமென்றால் மருத்துவமனையில் வெட்டும் கருவியால் கத்தரித்துவிடுவார்கள்.

மூன்றாவது, ஒன்றையும் மறைக்கலாகாது. நீரிழிவு உள்ளதா, புகைப் பழக்கம் உள்ளதா, உடலில் எங்கேனும் கொப்புளமோ ஆறாப் புண்ணோ உள்ளதா என்பவற்றை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குருதியில் சர்க்கரை மிகுந்தால் கிருமியோடு போராடும் வெள்ளணுக்கள் தளர்ந்துவிடும். புகைப்போர் அறுவைக்கு நான்கு வாரம் முன்னரேனும் அதனை விட்டொழித்தால் புண் ஆறுவதில் வேறுபாடு தெரியும்.

நான்காவது, உடற்சூடு. இவ்வூரின் மார்கழி, தை மாதக் குளிரை நீங்கள் அறிவீர்கள். நோயாளியை மெல்லிய துணியோடு நடைவழியில் கிடத்திவைப்பது தவறு. உடல் குளிர்ந்தால் தோலுக்குச் செல்லும் குருதி குறைகிறது. புண்ணைக் காக்கும் படை வந்து சேருவதில்லை. குடல் அறுவை பெற்ற 200 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 1996இல் வெளியாயிற்று. உடற்சூடு குறைய விடப்பட்டோரில் 100க்கு 19 பேருக்குத் தொற்று வந்தது. சூடு காக்கப்பட்டோரில் 6 பேருக்கே வந்தது. போர்வை ஒன்று கொண்டு செல்லுங்கள். மருத்துவமனையார் இசைவு பெற்றுப் போர்த்துங்கள்.

அடுத்தது மருந்து. ஆன்டிபயாடிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லிகளைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. ‘அறுவை முடிந்து ஒரு வாரம் ஊசி போட்டால்தான் புண் ஆறும்’ என்று மருத்துவரை வற்புறுத்துவோர் உண்டு. உண்மை வேறு. கத்தி தோலில் படும் அந்நேரத்தில் மருந்து குருதியிலும் தசையிலும் நிறைந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 2847 நோயாளிகளை ஆராய்ந்து 1992இல் வெளியிட்ட செய்தி இதனைத் தெளிவாக்கியது. அறுவைக்கு முந்திய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றோரில் தொற்று 100க்கு 0.6. அதற்கும் வெகு நேரம் முன்னே பெற்றோரில் 3.8. அறுவை தொடங்கி மூன்று மணி நேரம் கடந்தபின் பெற்றோரில் 3.3. மருந்தின் காலமே அதன் வலிமை. தொற்றைத் தடுப்பதற்காகக் கொடுக்கும் இம்மருந்தை அறுவை முடிந்தபின் நீட்டிக்க வேண்டா என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தேவையின்றி நீட்டினால், மருந்துக்கு அடங்காத கிருமிகளை நாமே வளர்த்தவராவோம். முன்னரே சீழ்ப்பிடித்த நோய்க்கு மருத்துவர் பல நாள் மருந்து தருவது வேறு. அதனை அவர் சொன்னபடி முழுதும் உட்கொள்ள வேண்டும்.

இத்தனை சிறு செயல்களில் ஒன்று மறந்தாலும் கேடு. மறவாதிருக்க ஒரு வழி கண்டனர். அறுவைக் கூடத்தில் உரக்கப் படித்துச் சரிபார்க்கும் 19 வினாக்கள் கொண்ட பட்டியல் ஒன்றை உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்டது. கருவிகள் தூய்மை செய்யப்பட்டனவா, மருந்து உரிய நேரத்தில் தரப்பட்டதா என்பன அதில் உண்டு. உலகின் எட்டு நகரங்களில் இதனைச் சோதித்தனர். அவற்றுள் நம் புது தில்லியும் ஒன்று. அறுவைப் புண் தொற்று 100க்கு 6.2 ஆக இருந்தது 3.4 ஆகக் குறைந்தது என்று 2009இல் முடிவு வெளியாயிற்று. புதிய மருந்தோ விலையுயர்ந்த எந்திரமோ அங்கே சேர்க்கப்படவில்லை. செய்ய வேண்டுவதைத் தவறாமல் செய்தார்கள்; அவ்வளவே.

அறுவைக்குப் பின் வரும் நாட்களே நம் காலனியார்க்குச் சோதனைக் காலம். நம்மவரின் அன்பு பெரிது. அந்த அன்பு கூட்டமாக வருகிறது! ஒரு கட்டிலைச் சுற்றி எட்டுப் பேர், கட்டிலின்மேல் இருவர், குழந்தைகள் ஓடியாடுகின்றனர், ஒருவர் கட்டைத் தொட்டு, ‘இங்கேதான் வலிக்கிறதா?’ என்று வினவுகிறார். பேருந்தின் கம்பியைப் பிடித்த கை, பணத்தை எண்ணிய கை, கைப்பேசியைத் தடவிய கை, கழுவப்படாமல் புண்ணருகே வருகிறது. வியன்னாவின் மருத்துவர்க்கும் தீய எண்ணம் இல்லை, நமக்கும் இல்லை. கிருமி எண்ணத்தைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறது.

நம் முன்னோரின் வழக்கம் ஒன்றை நினைவூட்டுகிறேன். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தால், நெருங்கிய உறவினரும் உள்ளே நுழையமாட்டார்கள். வெளியே நின்று நலம் கேட்டுத் திரும்புவார்கள். அதனை அன்பின்மை என்று எவரும் குறை கூறியதில்லை. அறுவை செய்துகொண்டவர் அறையின் வாசலிலும் ஒரு வேப்பிலைக் கொத்து தொங்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் போதும். சளியோ காய்ச்சலோ கொப்புளமோ உள்ளவர் போகவே வேண்டா. போகிறவர் நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும், சோப்பிட்டு 40 முதல் 60 நொடி வரை கை கழுவ வேண்டும். அல்லது அங்கே வைத்திருக்கும் ஆல்கஹால் நீர்மத்தைக் கை முழுதும் தேய்த்து உலரவிட வேண்டும்.

புண்ணின் கட்டை மருத்துவமனையார்தாம் பிரிக்க வேண்டும். முதல் 48 மணி நேரம் அதனை அலைக்கவே கூடாது. மஞ்சள் தூளும் விபூதியும் தேங்காய் எண்ணெயும் அவரவர் இடத்தில் நல்லவையே. தையல் போட்ட புண் அவற்றின் இடமன்று. பத்தியம் என்ற பெயரால் பருப்பு, முட்டை, மீன் முதலியவற்றை விலக்கி, சீழ் வைக்கும் என்று அஞ்சி வெறுங் கஞ்சியே கொடுப்பதும் நம் வீடுகளில் உண்டு. புண் ஆறுவதற்குப் புதுத் தசை வளர வேண்டும்; அதற்குப் புரதம் வேண்டும். மருத்துவர் விலக்கச் சொன்னதை மட்டும் விலக்குங்கள்.

வீடு திரும்பிய பின் புண்ணை நாள்தோறும் கண்ணால் பாருங்கள், கையால் தொடாதீர்கள். நாளுக்கு நாள் வலி குறைய வேண்டும். அது மிகுந்தாலோ, சுற்றிலும் சிவந்து சுட்டாலோ, வீங்கினாலோ, நீரோ சீழோ கசிந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ அன்றே அறுவை செய்த மருத்துவரிடம் செல்லுங்கள். கடையில் மாத்திரை வாங்கி நான்கு நாள் பார்ப்போம் என்று காலங் கடத்துவது பெருந்தீங்கு.

நம்மவர்க்குத் தனியே ஓர் இடர் உண்டு. ஊரிலிருந்து வந்த மூதாட்டிக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. செவிலி இந்தியில் கேட்பதற்கெல்லாம் அவர் தலையசைப்பார். நீரிழிவு உண்டா என்றாலும் அசைப்பார். இல்லையா என்றாலும் அசைப்பார். ஆகவே நம் சங்கத்திற்கு இரண்டு வேண்டுகோள் விடுக்கிறேன். அறுவைக்குச் செல்லும் ஒவ்வொருவரின் நோய் விவரம், உட்கொள்ளும் மருந்து, ஒவ்வாத மருந்து ஆகியவற்றை இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தர ஓர் அன்பர் முன்வரட்டும். கூட்டமாகச் செல்வதை விடுத்து, யார் எந்நேரம் நோயாளியிடம் இருப்பது என்று முறை வைத்து ஒரு பட்டியல் எழுதப்படட்டும். மற்றவர்கள் அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு சமைக்கலாம். பள்ளிக்கு அழைத்துச் செல்லலாம். ஊரிலிருந்து வருபவரை இரயிலடியில் எதிர்கொள்ளலாம். அதுவும் நோயாளிக்குச் செய்யும் தொண்டுதான்.

இறுதியாக ஒன்று. மருத்துவரோ செவிலியோ கை கழுவாமல் புண்ணருகே வந்தால், ‘ஐயா, கை கழுவினீர்களா?’, ‘சிஸ்டர், கை கழுவினீர்களா?’ என்று பணிவுடன் கேளுங்கள். பெரியோரைக் கேள்வி கேட்பது நமக்குக் கூச்சமாக இருக்கும். நல்ல மருத்துவர் அதற்குச் சினம் கொள்ளார். அவ்வாறே உங்களை எவரேனும் கேட்டால் நீங்களும் மனம் வருந்தாதீர்கள். வியன்னாவில் அக்கேள்வியைக் கேட்டவரை ஒதுக்கினார்கள். அதற்கு விலையாக எத்தனையோ தாய்மார் மாண்டனர். நம் காலனியில் அக்கேள்வி ஒரு நலம் விசாரிப்பைப் போல இயல்பாக வழங்கட்டும்.